நாற்பது நாள் புயல்

டாக்டர் ரூபேந்திரன் நெப்டியூனைப் பார்த்ததே இல்லை. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. தொலைநோக்கி வைத்துப் பார்க்கலாம் என்றால், ஜோகூர் பாருவின் மேகத்துக்கும் தெருவிளக்குக்கும் நடுவில் நிலாவே பாதி நாள் ஒளிந்துகொள்கிறது, நெப்டியூன் எங்கே வந்து நிற்கும்! ஆனாலும் அந்தக் கிரகத்துக் காற்று எப்போது கொதித்துப் பொங்கும், எப்போது அடங்கிப் படுக்கும் என்று எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெரியாத பெண்ணுக்கு எட்டு வருஷம் லெட்டர் போட்ட மாதிரிதான் என் பிழைப்பு என்று அவனே சொல்லிக்கொள்வான். சொல்லிவிட்டு, மனைவி சாந்தினி பக்கத்தில் நிற்கிறாளா என்று திரும்பியும் பார்த்துக்கொள்வான்.

அவன் படித்தது வெப்பச்சலனம். அடியில் சூடான காற்று மேலே ஏறுவதும், மேலே போய் ஆறிக் கீழே இறங்குவதும்தான் அது. உலைப் பானையில் அரிசி சுற்றிச் சுற்றி வருகிறதே, அதேதான். “இதுக்கா டாக்டர் பட்டம் கொடுத்தாங்க?” என்று கேட்காத ஆள் அவன் உறவில் யாரும் கிடையாது. ஆனால் நெப்டியூனில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் ஈரக்காற்று லேசானது. மத்தியானம் சூடேறியதும் மேலே போய், சாயங்காலம் இடியோடு கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கே தண்ணீருக்குப் பதில் மீத்தேன். மீத்தேன் ஆவி கலந்த காற்று கனத்துப்போய், மேலே ஏற மாட்டேன் என்று அடம்பிடித்துக் கீழேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்கடியில் சூடு சேர்ந்துகொண்டே போகும். என்றைக்கோ ஒருநாள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பொங்கிவிடும். அந்த ‘என்றைக்கோ’ எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ரூபேந்திரன் சொல்லிவிட்டான். நெப்டியூன் நாள் கணக்கில் நாற்பது நாளுக்கு ஒரு தடவை. அவனுடைய கம்ப்யூட்டர் நெப்டியூனில் அப்படித்தான் புயல் அடித்தது, கடிகாரம் வைத்த மாதிரி. ‘நாற்பது நாள் புயல்’ என்று அதற்குப் பெயரும் வைத்துக் கட்டுரை எழுதினான். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. மதிப்பிட்டவர்களில் ஒருவர், ‘ஆச்சரியப்படத்தக்க ஒழுங்கு’ என்று எழுதியிருந்தார். ரூபேந்திரன் அந்த இரண்டு வார்த்தையை அச்செடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தான். மடையன், அந்த ஆள் ஆச்சரியப்பட்டபோதே இவனும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டிருக்கலாம்.

அவன் இருந்தது கூலாய் பக்கத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். எட்டு வருஷமாக ஒப்பந்த வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இந்தத் தடவை புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்டதும் துறைத்தலைவரே வந்து கை குலுக்கி, நிரந்தர வேலைக்கு நேர்காணல் தேதி சொன்னார். பேருக்குத்தான் நேர்காணல் என்று கண்ணையும் சிமிட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் சாந்தினி கேட்ட முதல் கேள்வி, “அப்ப நான் வேலையை விட்டு நின்னுடலாமா?” என்பதுதான்.

அவள் சிங்கப்பூரில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். விடியுமுன் எழுந்து, பஸ் பிடித்து, குடிநுழைவுச் சோதனையில் வரிசையில் நின்று, இரண்டு நாட்டையும் சேர்க்கும் பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் இன்னொரு வரிசையில் நின்று, வேலை பார்த்துவிட்டு, திரும்ப அதே வரிசை. எட்டு வருஷம். ரூபேந்திரன் இங்கே ஏர்கானில் உட்கார்ந்து நெப்டியூனுக்கு வியர்க்கிறதா என்று பார்த்ததெல்லாம் அவள் அங்கே நின்றதால்தான். இது அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நேர்காணல் முடியட்டும், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்க வேண்டும். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “தாராளமா நின்னுடு லா!” என்றான். மறுநாளே அவள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டாள்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில், புதன்கிழமை காலை, ஃபரீஹா அவன் அறைக்கு வந்தாள்.

ஃபரீஹாதான் கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு. மெர்சிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். குறைவாகப் பேசுவாள், ஆனால் ஒரு கண் எல்லாவற்றின் மேலும் இருக்கும். கம்ப்யூட்டர் என்றால் மேஜை மேல் வைக்கிற சாமான் இல்லை, ஆள் உயர அலமாரிகள் ஆறு. அது கக்கும் சூட்டுக்கு ஏர்கான் ஓடியே ஆக வேண்டும். வேலை நாளில் இரவு பகலாக ஓடும். வார விடுமுறையும் பொது விடுமுறையும் வந்தால் நிர்வாகம் கட்டடத்து ஏர்கானை மொத்தமாக அணைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வாரமும் கடைசி வேலை நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, நெப்டியூன் எந்த நிலையில் இருக்கிறதோ அதை அப்படியே ஒரு கோப்பில் பத்திரப்படுத்திவிட்டு ஃபரீஹா மெஷினை நிறுத்துவாள். அடுத்த வேலை நாள் காலை ஒன்பது மணிக்கு விட்ட இடத்திலிருந்து ஓட்டுவாள். நடுவில் நிறுத்தியது நெப்டியூனுக்குத் தெரியவே தெரியாது என்று ரூபேந்திரன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரைக்குப் பின்னிணைப்பாக ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள், எந்தப் புயல் மெஷினில் எந்தத் தேதியில் ஓடியது என்று. அதற்காகத்தான் ஃபரீஹாவிடம் மெஷின் தேதிகளைக் கேட்டிருந்தான்.

“டாக்டர், நீங்க கேட்ட தேதி எல்லாம் இதுல இருக்கு,” என்று நீளமான நோட்டுப் புத்தகத்தை வைத்தாள். “ஒன்னு கேக்கலாமா? எனக்கு உங்க படிப்பெல்லாம் தெரியாது. சிரிக்கக் கூடாது.”

“கேளுங்க, கேளுங்க.”

“உங்க லிஸ்ட்டுல முக்காவாசிப் புயலும் நாப்பது, நாப்பதுன்னு வருது. இந்த ஒன்னு ஏன் நாப்பத்தொன்பது?”

ரூபேந்திரன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் தவம் கிடந்தான். கட்டுரையில் இந்த ஒரு புயலுக்கு மட்டும் நாலு பக்கம் ஒதுக்கி, இருபத்திரண்டு சமன்பாடு போட்டு, ‘தாமதப் புயல்’ என்று பட்டமும் கொடுத்திருந்தான். ஆழத்தில் மீத்தேன் எப்படி அடர்ந்துபோனது, அதனால் சூடு எப்படிக் காத்திருந்தது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். ஃபரீஹா மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டாள். முடிந்ததும் நோட்டைப் புரட்டினாள்.

“மெஷின்ல அது ஓடுனது ஜனவரி முதல் வாரம்தானே?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த வாரம் ஆறு நாள் வேலை செஞ்சோமே டாக்டர். எனக்கு மறக்குமா?”

ஜோகூரில் பத்து வருஷமாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேலைக்குப் போவோம். இந்த வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து அதைச் சனி, ஞாயிறு என்று மாற்றினார்கள். மாற்றிய அந்த வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனவர்கள் வெள்ளிக்கிழமையும் போக வேண்டியதாயிற்று. மெஷினும் ஒரு நாள் கூடுதலாக ஓடியது.

ரூபேந்திரன் சிரித்தான். “அது தற்செயல் லா.”

“சரி டாக்டர். இந்த முப்பத்தொன்னு?”

“அது ‘அவசரப் புயல்’. போன அக்டோபர் கடைசியில…”

“தீபாவளி. வியாழக்கிழமை லீவு, புதன்கிழமையே அணைச்சிட்டேன். இந்த இருபத்திரண்டு எங்க நோன்புப் பெருநாள், திங்களும் செவ்வாயும் மெஷின் ஓடல. அப்புறம் இங்க பாருங்க, மூனே நாள்ல ஒரு குட்டிப் புயல் வந்திருக்கே.” அவள் விரலை நோட்டில் வைத்தாள். “தைப்பூசம். திங்கக்கிழமை காலைல தொறந்து சாயங்காலமே அணைச்சேன். செவ்வாய் லீவு, புதன் மறுபடி தொறந்தேன்.”

ரூபேந்திரன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கட்டுரைக்காக ஓட்டியது எழுபது வாரம், எழுபதுக்கு மேல் புயல். ஒன்றுகூடத் தவறவில்லை. ஃபரீஹா மெஷினைத் திறந்த ஒவ்வொரு காலையும் நெப்டியூனில் புயல் அடித்திருந்தது. மெஷின் ஐந்து வேலை நாள் ஓடினால் நெப்டியூனில் நாற்பது நாள், அவ்வளவுதான் கணக்கு. சூரியனிலிருந்து நானூற்று ஐம்பது கோடி கிலோமீட்டர் தள்ளிக் குளிரில் சுற்றுகிற கிரகம், ஜோகூர் மாநிலத்து லீவு காலண்டரை ஒரு நாள் பிசகாமல் கடைப்பிடித்திருந்தது.

குற்றவாளியைத் தேடி அவன் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரிக் கணக்கைத் தொடங்கும்போது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காற்று எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். யாராவது தட்டிவிட்டால் ஒழிய அது அசையாது. அதனால் எல்லோரும் தொடக்கத்தில் இங்கே கொஞ்சம் சூடு, அங்கே கொஞ்சம் குளிர்ச்சி என்று ஒரு தட்டுத் தட்டிவிடுவார்கள். ஒரே ஒரு தடவை, தொடக்கத்தில் மட்டும். ரூபேந்திரன் அந்தத் தட்டை மெஷின் ஓடத் தொடங்கும் கட்டளைகளுக்குள் எழுதி வைத்திருந்தான். மெஷின் எப்போது ஓடத் தொடங்கினாலும் அது தட்டும். எப்போது பொங்கலாம் என்று உள்ளே சூட்டோடு உட்கார்ந்திருந்த காற்றை வாராவாரம் காலை ஒன்பது மணிக்கு இவனே தட்டி எழுப்பிவிட்டு, ஆகா என்ன ஒழுங்கு என்று இவனே வாயைப் பிளந்திருக்கிறான். அந்த வரிக்கு மேலே எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கைப்பட ஒரு குறிப்பு இருந்தது. ‘முதல் தடவைக்கு மட்டும். அப்புறம் எடுத்துவிடணும்.’

“அலமாக், ஐயையோ,” என்றான்.

ஃபரீஹா நோட்டை மெதுவாக மூடினாள். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் டாக்டர். மெஷினைத் தொறக்கறதும் அணைக்கறதும் என் வேலை. நெப்டியூன் உங்க வேலை.”

அவள் போனதும் அந்த வரியை அழித்தான். போன வெள்ளிக்கிழமை அணைத்த இடத்திலிருந்து, இந்தத் தடவை தட்டாமல், மறுபடி ஓடவிட்டான். புயல் வழக்கம்போல் வந்துவிட்டால் எல்லாம் பொய், ஃபரீஹா சொன்னது தற்செயல், அவன் தப்பித்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சாந்தினி சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. “இன்னும் ரெண்டு நாள்தாங்க! சனிக்கிழமையிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் தூங்கப் போறேன். யாராவது எழுப்புனீங்க, அவ்வளவுதான்,” என்றாள்.

“சாந்தி…” என்று தொடங்கினான்.

“என்னங்க?”

“ஒன்னுமில்ல. கொழம்பு நல்லா மணக்குது.”

குழம்பு இன்னும் வைக்கவே இல்லை. சாந்தினி அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரூபேந்திரன் உள்ளே போய் உட்கார்ந்து தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். சோதனை இன்னும் முடியவில்லை, முடியாத சோதனையைப் பற்றி வாய் திறப்பது விஞ்ஞானிக்கு அழகில்லை என்று நினைத்துக்கொண்டான். நாற்பது நாள் புயலைப் பற்றி ஊரெல்லாம் வாய் திறந்தபோது இந்த அழகு எங்கே போயிருந்தது என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை முழுதும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நெப்டியூன் அசையவே இல்லை. ஒரு மேகம் இல்லை, ஒரு சின்னக் கொப்பளம்கூட இல்லை. “ப்ளீஸ் லா, ஒரு குட்டிப் புயல்,” என்று கெஞ்சினான். டாக்டர் பட்டம் வாங்கினவன், நல்லவேளை கதவு சாத்தியிருந்தது. சாயங்காலம் ஆனபோது அவனுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டான். நேர்காணல் அடுத்த திங்கள், அது முடியட்டும், வேலை கையில் வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். வெள்ளிக்கிழமை சாந்தினி கடைசித் தடவையாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த ஒரு பூந்தொட்டியும், எட்டு வருஷம் அவள் டீ குடித்த குவளையும் பையில் இருந்தன. அன்றைக்கும் அவன் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோத்தா திங்கியில் அவனுக்குப் பாராட்டு விழா.

ஏற்பாடு செய்தவர் சாந்தினியின் பெரியப்பா வீரமுத்து. டயர் கடை வைத்திருப்பவர், ஊர் நல மன்றத்துத் தலைவர், குரலுக்கு மைக் தேவையே இல்லாதவர். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தார். ‘நெப்டியூன் புயலுக்கே நாள் குறித்த நம் மாப்பிள்ளை.’ படத்தில் ரூபேந்திரன் கல்யாணக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பேனர் கடைக்காரன் வளையம் போட்ட சனி கிரகத்தை வைத்திருந்தான்.

“பெரியப்பா, இது நெப்டியூன் இல்ல,” என்றாள் சாந்தினி.

“வளையம் இருந்தாத்தான் கிரகம்னு ஜனங்களுக்குத் தெரியும்மா. நீ போய் முன்னால உக்காரு.”

இருநூறு பேர் வந்திருந்தார்கள். சாந்தினி புதுப் புடவையில் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் வேலையை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அவள் கை ஆடிய விதத்திலேயே தெரிந்தது. வீரமுத்து பேசினார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய பரம்பரையில் வந்த பிள்ளை இன்றைக்கு ஆகாயத்தையே ஆட்டிவைக்கிறான் என்றார். ரூபேந்திரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆட்டிவைத்ததுதானே இப்போது பிரச்சினையே. பொன்னாடை போர்த்தினார்கள். பாலியஸ்டர் பொன்னாடைக்குள் வேர்த்து வழிந்தது.

“யாராச்சும் கேள்வி கேக்கணும்னா கேளுங்க, மாப்ள பதில் சொல்லுவாரு!” என்று வீரமுத்து மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பினார்.

நடுவரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். பெயர் காளியம்மா என்றாள். ஆற்றோரம் வீடு, கைலிப் பாவாடையும் சட்டையும் தைத்துக் கொடுக்கிறவள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“தம்பி, அவ்வளவு தூரத்துல இருக்கற ஊர்ல புயல் எப்ப வரும்னு சரியாச் சொல்லிட்டீங்க. எங்களுக்கு வருஷா வருஷம் ஆத்து வெள்ளம் வீட்டுக்குள்ள வருது. ரெண்டு தையல் மெஷின் போச்சு. ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சா எல்லாத்தையும் தூக்கி மேல வெச்சிடுவேன். ரேடியோல ஒன்னு சொல்றாங்க, வேற ஒன்னு நடக்குது, நான் நம்பறதில்ல. நீங்க சொன்னா நம்புவேன். நீங்க சொன்னா அன்னிக்கே தூக்கி வெச்சிடுவேன்.”

ஜனங்கள் கை தட்டினார்கள். ரூபேந்திரன் மைக்கின் முன்னால் வந்து நின்றான். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆராய்ச்சி நடக்கிறது, விரைவில் முடிவு வரும் என்று இழுக்கலாம். மேடையில் ஏறியவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவன் வாயும் அதைச் சொல்லத்தான் திறந்தது. ஆனால் அந்த அம்மாள் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள், தையல் மெஷினை எந்தத் தேதிக்குத் தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவதற்காக.

“அக்கா, என்னை நம்பாதீங்க,” என்றான்.

மண்டபம் சிரித்தது. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

“இல்ல, நெஜமாத்தான் சொல்றேன். நெப்டியூன்ல புயல் எப்ப வந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சரியாத் தெரியும். வாராவாரம் காலைல ஒன்பது மணிக்கு, எங்க ஆபீஸ்ல மெஷினைத் தொறக்கும்போது வந்துச்சு. ஏன்னா அந்தப் புயலை அடிக்க வெச்சது நான்தான். ஒரே ஒரு தடவை போட வேண்டிய கட்டளையை எடுக்க மறந்துட்டேன். ஒவ்வொரு தடவை மெஷின் தொறக்கும்போதும் அது போய்க் காத்தைத் தட்டுச்சு, புயல் வந்துச்சு. தீபாவளிக்கு லீவு விட்டா நெப்டியூனுக்கும் லீவு. பெருநாளுக்கு லீவு விட்டா அதுக்கும் லீவு. தைப்பூசத்துக்குக்கூட லீவு எடுத்துச்சு. நாப்பது நாள் புயல்னு ஒன்னு கிடையவே கிடையாது. நான் கண்டுபிடிச்சது ஜோகூர் மாநிலத்துப் பொது விடுமுறை. அது காலண்டர்லயே இருக்கு.”

வீரமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் டயர் கடைக்காரர் சும்மா தலைவராகிவிடவில்லை. மைக் இல்லாமலேயே எழுந்து நின்று முழங்கினார்.

“கேட்டீங்களா! நெப்டியூனே நம்ம ஜோகூர் லீவைப் பாத்துத்தான் நடக்குதாம்! தைப்பூசத்துக்கு அங்கயும் லீவாம்!”

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். காளியம்மா மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்தாள். “நம்பாதீங்கன்னு சொன்னாரே, அதான் சரி,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது மைக்கில் கேட்டது. முதல் வரிசையில் சாந்தினியும் கை தட்டவில்லை. அவன் கட்டுரையை அவள் ஐந்து தடவை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தவள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மடியில் கையைக் கோத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

சாப்பாடு முடிந்து கிளம்ப இரண்டு மணி ஆயிற்று. அதுவரை அவள் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள், பெரியம்மாவுக்குத் தட்டுக் கழுவிக் கொடுத்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஊர் தாண்டிச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. சாந்தினி போனை எடுத்துத் தன் சூப்பர்வைசர் சபீதாவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, சாந்தினி பேசறேன். என் எடம் இன்னும் இருக்காக்கா? …இல்லக்கா, இங்க கொஞ்சம் மாறிடுச்சு. …ஓ.” வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். “பகல் வேலைக்கு ஆள் போட்டாச்சாம். நைட் ஷிஃப்ட் மட்டும்தான் காலி இருக்காம். என்ன சொல்லட்டும்?”

“வேணாம்னு சொல்லு. நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன்.”

அவள் அவனைப் பார்த்தாள். எட்டு வருஷமாக முன்கூட்டிச் சொல்வதையே தொழிலாக வைத்திருந்தவன் சொன்ன வார்த்தை அது. அவள் போனைக் காதில் வைத்து, “வர்றேன்க்கா. நைட் ஷிஃப்ட்டே போடுங்க. திங்கக்கிழமை வந்துடறேன்,” என்றாள்.

அவனுக்கு வலித்தது. தன் இடத்தில் யார் இருந்தாலும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது நியாயம்.

“நேர்காணல்லயும் இதையேதான் சொல்லப் போறேன்,” என்றான் கொஞ்சம் கழித்து. “கட்டுரையையும் திருப்பி வாங்கிடறேன். நிரந்தரமும் இல்ல, ஒருவேளை ஒப்பந்தமும் இல்ல. உனக்கு என் மேல கோவமா?”

“மேடையில சொன்னதுக்கா? அதுக்கு இல்லங்க. அந்தக் காளியம்மா அக்காகிட்ட நீங்க பொய் சொல்லியிருந்தா எனக்கு உங்க மூஞ்சியைப் பாக்கவே பிடிச்சிருக்காது.” வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

இன்று காலைதான் என்று சொல்லிவிட ஒரு நப்பாசை வந்தது. “புதன்கிழமை,” என்றான். “சந்தேகமே இல்லாமத் தெரிஞ்சது வியாழக்கிழமை. ஆனா புதன்கிழமை காலைலயே தெரியும்.”

சாந்தினி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்பது குரல் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

“வியாழக்கிழமை மத்தியானம் சபீதாக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. ‘நெஜமாவே போறியாடி? இருக்கறதா இருந்தா இப்பச் சொல்லு, உன் லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடறேன். நாலு மணிக்கு வேற பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்கப் போறாங்க’ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘கிழிக்காதீங்கக்கா, எம் புருஷனுக்கு வேலை நிரந்தரமாகப் போகுது’ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேங்க.”

ரூபேந்திரன் வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்தினான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, “சாந்தி, தப்புதான், பெரிய தப்பு,” என்றான். லாரிகள் இரண்டு தாண்டிப் போயின.

“வண்டியை எடுங்க,” என்றாள் அவள். “வீட்டுக்குப் போனதும் படுக்கணும். பகல்ல தூங்க இன்னிக்கே பழகிக்கணும்.”